காலமாகிவிட்ட நாச்சிமுத்து எழுதிக்கொண்டது

கோயமுத்தூர்,
14.7.1996

வெள்ளகோவில் மாப்பிள்ளை செங்கோடன் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் நாச்சிமுத்து அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உங்கள் அக்கா மயிலாத்தாளும் நலம். நான் நலம் என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளவும். வியாழக்கிழமை பேப்பரில் என்னைப் பற்றி வந்தது பொய். நான் சாகவில்லை.

சோமனூர்ப் பக்கம் நான் பி.டி.ஓ.வாக இருந்தபோது, யூனியன் ஆபீசுக்கு அலங்கார வளைவு கட்ட வந்த பணத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டினதும், அதற்காக மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும், ரிட்டயர் ஆகிற வரைக்கும் ‘கக்கூஸ் பி.டி.ஓ.’ என்று பேர் எடுத்ததும் உங்களுக்குத் தெரியும். பந்தியில் இலை போட்ட பிறகுகூட நீங்கள் அப்படித்தானே கூப்பிட்டீர்கள். அந்தப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இப்போது அமெரிக்காவில் டாக்டராம். அதே பள்ளியில் படித்துவிட்டு வரும் ஏழைப் பெண்ணுக்கு வருசா வருசம் உதவித்தொகை கொடுக்கச் சொல்லி, என் பெயரில் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்பிவிட்டாள். அந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் நாகூர் மீரான் என்கிற குமாஸ்தா போன் செய்திருக்கிறார். நான் பழனிக்குக் கிளம்பிவிட்டேன். எடுத்தது மருமகள் ஷோபனா. மெட்ராஸ்காரி, தங்கமான பெண், ஆனால் மிக்ஸியை நிறுத்தாமல் போன் பேசுவாள்.

“ஏனுங்க, ஐயா இருக்காங்களா?”

“இல்லைங்க, போய்ட்டாங்களே.”

“அடடா! எப்பங்க?”

“இப்பதான், காலையில.”

“ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லையே. நாலு இட்லி சாப்பிட்டாங்க, போய்ட்டாங்க.”

“குடுத்து வெச்ச மனுசனுங்க. எத்தன மணிக்குங்க எடுக்கறாங்க?”

“பத்து மணிக்கு எடுத்துடுவாங்க, உக்கடத்துல.”

அவள் சொன்னது பழனி பஸ்ஸை. நம் பக்கத்தில் ஒருத்தர் வாசலைத் தாண்டினால் ‘வெளிய போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க’ என்போமே ஒழிய, இப்படி மொட்டையாக ‘போய்ட்டாங்க’ என்று சொல்வோமா? அவள் சொல்லிவிட்டாள். நான் பஞ்சாமிர்த டப்பாவோடு வீடு திரும்புவதற்குள் அவர்கள் ஃபைலில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘நினைவு’ ஏறிவிட்டது. பேப்பரிலும் ‘மறைந்த அதிகாரி நினைவாக உதவித்தொகை’ என்று வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் படுகிற பாட்டை என்னவென்று எழுதுவது? காங்கயத்து ராமாத்தாள் அக்கா தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துக்கொண்டு வந்தார். கேட்டைத் திறந்துவிட்டது நான். என்னைப் பார்த்ததும் ஒரே அலறல், மயக்கம் போட்டு விழுந்துவிட்டார், தண்ணீர் தெளித்து எழுப்பினால் தெளித்தவனைப் பார்த்து மறுபடியும் மயக்கம். பால்காரன் என் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டு, “இனி அரை லிட்டர் போதுமுங்களா?” என்று என்னையே கேட்கிறான். உங்கள் அக்கா, ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பென்ஷன் ஆபீசில் யாராவது அந்தப் பேப்பரைப் படித்துத் தொலைத்தார்களா என்று தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை. எமனுக்கும் சேதி போயிருந்து, ‘இந்த ஆளை எப்படி விட்டோம்?’ என்று தேட ஆரம்பித்தால்? எனக்கு இடது கை மரத்துப்போகிறது. வலது கையும்தான்.

சரியென்று நானே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நாகூர் மீரான் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

“ஐயா, நீங்க இருக்கறது எங்களுக்கு ரொம்ப சந்தோசமுங்க. ஆனா, உசுரோட இருக்கறவங்க பேர்ல வெக்கோணும்னா மறுக்கா கூட்டம் போட்டுத் தீர்மானம் பண்ணோணுமுங்க. ஆறு மாசம் ஆயிருமுங்க. இந்த வருசத்துப் புள்ளைக்குக் கெடைக்காது. ஃபீஸ் கட்டலீன்னா அதோட சீட்டும் போயிருமுங்க.”

“வேற வழியே இல்லீங்களா?”

“இருக்குதுங்க. அத நாங்க எப்படிங்க வாய் விட்டுச் சொல்றது?”

அவர் பார்வை என் நெஞ்சுப் பக்கம் போய்விட்டு வந்தது மாப்பிள்ளை. பிறகு காபி வாங்கி வரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

ஆகவே என் ரேஷன் கார்டையும் உங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை அந்த உதவித்தொகை கொடுக்கிற விழா மேடையில் ஏறி, ‘எங்க மச்சான் உசுரோட இருக்காரு’ என்று நீங்கள் மைக்கில் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேறு யாராவது உதவட்டும். அது யாரோ, நான் யாரோ. எனக்கு என் உயிர் பெரிசு. பயத்தில் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் பல்லே விளக்குகிறேன்.

தங்கச்சிக்கும், குழந்தைகள் வர்ஷினிக்கும் நிதீஷுக்கும் எங்கள் அன்பும் ஆசியும். வீரக்குமாரசாமி உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். கை ஒழிந்தால் என்னையும்.

இப்படிக்கு,
(இன்றைய தேதி வரை) நாச்சிமுத்து

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது அந்தப் பிள்ளையே அப்பாவோடு வந்துவிட்டது. பெயர் கெசியா. அப்பா ஞானாபரணம், தறி ஓட்டுகிறவர். துக்கம் விசாரிக்க வந்தார்களாம். “நீங்க ஐயாவுக்கு என்ன வேணுமுங்க?” என்று அவர் கேட்டார். நாக்கு குழறி, “தம்பிங்க” என்று சொல்லிப்போட்டேன்.

“எங்கம்மா அதே பள்ளிக்கூடத்துல எட்டாவதோட நின்னுட்டாங்க. ஒதுங்க ஒரு எடமில்லீங்க, வயசுக்கு வந்ததும் ஊட்டுல உக்கார வெச்சுட்டாங்க. நான் பன்னெண்டாவது வரைக்கும் போனனுங்க” என்றது அந்தப் பிள்ளை. “ஐயாவ ஒருக்கா பாத்துச் சொல்லோணும்னு இருந்தனுங்க. அதுக்குள்ள போயிட்டாங்க.” சொல்லிவிட்டு அழுதது. எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு ஞானாபரணம் என் ஆத்துமாவுக்காக ஜெபம் செய்தார். ஆமென் சொன்னதில் என் குரல்தான் பெரிசு.

அவர்கள் போன கையோடு நாகூர் மீரானுக்குப் போன் போட்டு, நான் அங்கு வந்ததை மறந்துவிடச் சொன்னேன். “யாருங்க வந்தாங்க?” என்றார். நல்ல மனுசன்.

ஆகையால் ரேஷன் கார்டும் வேண்டாம், பெரிய மனிதர்களும் வேண்டாம். மேலே எழுதிய எதையும் யாரிடமும் காட்ட வேண்டாம். விழாவில் என் படத்துக்குப் போட ஒரு மாலை மட்டும் வாங்கி வாருங்கள். சம்பங்கி வேண்டாம், தம்பியாகப் பக்கத்தில் நிற்கிற எனக்குத் தும்மல் வரும். அந்தப் பிள்ளையின் படிப்பு நாலு வருசம். அதுவரைக்கும் நான் செத்தவன்தான். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், நாளைக்கும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன். நடுவில் நான் நிஜமாகவே போய்விட்டால் மட்டும், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் மாப்பிள்ளை, பேப்பரில் போட்டுவிடாதீர்கள். அதுவரைக்கும் நான் உயிரோடு இருந்தது தெரிந்துபோய் அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும்.