மொட்டைமாடியில் பதினொன்று புள்ளி இரண்டு

பதினொன்று புள்ளி இரண்டு.

தண்ணீரின் காரத்தையும் புளிப்பையும் அளக்கும், பேனா போன்ற கருவியை ஃபவ்வாஸ் உதறினான். துடைத்தான். மறுபடி வடிநீர் பாட்டிலுக்குள் விட்டான்.

பதினொன்று புள்ளி இரண்டேதான்.

காரத்தின் எல்லை ஒன்பது. மாடித்தோட்டத்துக்குச் சான்றிதழ் தர வேண்டிய ஆய்வாளர் டாக்டர் ஹைஃபா வர இன்னும் மூன்று மணி நேரம்.

"என்ன இன்ஜினியரே, முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு?" மூச்சு வாங்க மாடியேறி வந்தாள் உம் முஹன்னத், கட்டடத்தின் சொந்தக்காரி.

"வெயில், சித்தி."

"அம்மான் நகரத்துல இப்பத்தான் வெயிலடிக்குதா?"

அவளுடைய பழைய வீட்டை இடித்த கான்கிரீட்டையும் செங்கல்லையும் நொறுக்கி, புது வீட்டின் மொட்டைமாடியில் பரப்பி, மேலே புதினாவும் ரோஸ்மேரியும் வளர்த்திருந்தான் ஃபவ்வாஸ். நாற்பது டன். மழை பெய்தாலோ செடிக்கு ஊற்றினாலோ வடியும் நீர் முற்றத்துத் தொட்டிக்குப் போகும். அதில்தான் தெருவே செடி வளர்க்கிறது.

"இடிச்ச குப்பையிலேர்ந்து விஷம் இறங்காதா?" என்று புதுமனை விருந்தில் கேட்டார்கள்.

"எல்லையைத் தாண்டினா நாற்பது டன்னையும் என் முதுகுல சுமந்து இறக்குறேன்!" என்று வாயில் ஆட்டிறைச்சியோடு அறிவித்திருந்தான்.

சும்மா சொல்லவில்லை. நொறுக்கிய கல்லை ஆறு மாதம் கழுவி, ஊறவைத்து, தன் கையால் சோதித்தவன். எட்டைத் தாண்டியதே இல்லை. இன்று மட்டும் ஏன்?

"ஷஹாத்தா!"

கட்டடக் காவலாளி ஷஹாத்தா கீழிருந்து ஓடிவந்தான். எகிப்துக்காரன், யாரையும் 'பாஷா' என்றே கூப்பிடுவான். வடிகுழாயில் தண்ணீர் பிடித்துத் தருவது அவன் பொறுப்பு.

"சரியான குழாய்லதானே பிடிச்சே?"

"சத்தியமா, பாஷா! ஒரு தூசி இருக்கா பாருங்க!"

இல்லைதான். கண்ணாடி மாதிரி இருந்தது.

"கவலைப்படாதீங்க சித்தி. காரத்துக்குப் புளிப்பு. பள்ளிக்கூடப் பாடம். வீட்ல வினிகர் இருக்கா?"

"ஊறுகாய் போட வச்சது இருக்கு."

ஊறுகாய் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்பது ஊற்றிய பிறகுதான் தெரிந்தது. பீட்ரூட் சேர்த்த டர்னிப் ஊறுகாய். புதினாப் பாத்தி ரோஜா நிறத்தில் பளபளத்தது.

ஷஹாத்தா புதிதாகப் பிடித்து வந்தான். பத்து புள்ளி ஆறு.

"இறங்குது பாருங்க!" ஃபவ்வாஸின் மார்பு நிமிர்ந்தது.

"என் மூணு மாச ஊறுகாயும்தான் இறங்கிடுச்சு" என்றாள் அவள்.

அடுத்து மளிகைக் கடையிலிருந்து எலுமிச்சை உப்பு என்கிற புளிப்புப் பொடி. எட்டு கிலோ. கடைக்காரர், "கல்யாணமா?" என்று கேட்டார். அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். வீட்டுக்கே தண்ணீர் தரும் மாடித் தொட்டியின் குழாயை ஃபவ்வாஸ் திறந்துவிட்டான்.

கீழே துணி துவைக்கும் இயந்திரம் உறுமி நின்றது.

"அடப்பாவி! இன்னிக்குப் புதன்கிழமை! சனிக்கிழமைதான் தண்ணி வரும்! வர்ற அம்மாவுக்குக் காப்பி எதுல போடறது? வீட்டுக்கு வந்தவங்களைக் காப்பி குடுக்காம அனுப்பினா நான் தெருவுல நடக்கறதா வேண்டாமா?"

"சான்றிதழ் வந்துட்டா காப்பியை யார் கேக்கறாங்க, சித்தி?"

"எல்லாரும் கேப்பாங்கடா!"

புதினா தலைசாய்ந்தது. ரோஸ்மேரி கறுத்தது. ஷஹாத்தா மூன்றாவது பாட்டிலைக் கொண்டுவந்தபோது உள்ளே சோடாக்கலர் மாதிரி நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"வேலை செய்யுது!" என்று துள்ளினான் ஃபவ்வாஸ்.

எட்டு புள்ளி ஏழு.

அவன் சட்டையை இழுத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டான். அதே நேரம் வாசல் மணி அடித்தது.

டாக்டர் ஹைஃபா மாடியேறி ரோஜா நிறப் பாத்தியைப் பார்த்தார். மோந்து பார்த்தார். முற்றத்துக்கு இறங்கி, தன் பையிலிருந்து முத்திரையிட்ட பாட்டிலை எடுத்து, தானே வடிகுழாயில் பிடித்து, தன் கருவியை விட்டார்.

"மூணு."

"மூணு கீழேதானே, டாக்டர்? எல்லை ஒன்பது..."

"கீழ் எல்லை ஆறு. அதுக்கும் கீழேன்னா வெறும் புளிப்பு. நீங்க வச்சிருக்கறது தோட்டமா, ஊறுகாய் ஜாடியா? இந்தத் தண்ணியை ஊத்தினா தெருவுல ஒரு செடி மிஞ்சாது. எல்லாத்தையும் இறக்குங்க."

உம் முஹன்னத் ஃபவ்வாஸின் முதுகை ஏற இறங்கப் பார்த்தாள், நாற்பது டன் தாங்குமா என்று.

"இன்னொரு தடவை பாருங்க, டாக்டர்! ஆறு மாசமா எட்டைத் தாண்டாத கல்லு இது. உறுதியாச் சொல்றேன், என் கல்லுல தப்பே இல்லை!"

"சரி. ஆனா எங்கிட்ட வேற பாட்டில் இல்லையே."

ஷஹாத்தாவின் முகம் மலர்ந்தது. தன் அறைக்குள் ஓடி, பளபளக்கும் ஒரு கோலா பாட்டிலை இரு கையாலும் ஏந்தி வந்தான்.

"இதுல பிடிங்க, டாக்டரம்மா. இன்ஜினியர் பாஷாவுக்குக் குடுத்த மூணு பாட்டிலையும் இப்படித்தான் சலவை சோடாக்காரத்தைக் கெட்டியாக் கரைச்சு ஊறவச்சுக் குடுத்தேன். தண்ணிப் பஞ்சமாச்சே, அதனால அலச மட்டும் செய்யலை!"