ஒரே ஒரு தோல்வி

விஞ்ஞானியம்மாவுக்கு அவசரமாக ஒரு தோல்வி தேவைப்பட்டது. அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்.

அரசாங்கம் புதிதாக அறிவுப் பொருளாதாரக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. துணிந்து முயல்கிற ஆய்வகம் எங்காவது சறுக்கியே தீரும். சறுக்கலே இல்லையென்றால் அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே நிதியும் கிடையாது, கதவுக்கும் பூட்டு. நல்ல கொள்கைதான், யார் இல்லையென்றது? ஆனால் நம் விஞ்ஞானியம்மாவோ தண்ணீர் வடிகட்டி ஆராய்ச்சியில் பன்னிரண்டு வருடமாக ஒன்றிலும் தோற்காமல் பத்திரமாகக் காலம் தள்ளியவர்.

"தோக்கறது என்ன பெரிய வித்தையா? ரெண்டே நாள்ல தோத்துக் காட்டறேன் பாருங்க!" என்றார் உதவியாளரிடம்.

"ஆமாங்கம்மா" என்றார் உதவியாளர். எதற்கும் இதையே சொல்வதால் அவருக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர்.

திங்கட்கிழமை சாயங்காலம் வடிகட்டிக் குழாயில் வெறும் மரத்தூளை அடைத்தார்கள். மேலே சாக்கடைத் தண்ணீரை ஊற்றி, கீழே கண்ணாடி ஜாடியை வைத்து, சொட்டட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் ஜாடித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"ஐயையோ, சுத்தமாயிடுச்சே!"

"ஆமாங்கம்மா. உங்க கைராசி அப்படி."

செவ்வாய்க்கிழமை கிழிந்த சாக்குப்பையைத் திணித்தார். புதன் காலையில் அதுவும் பளிங்குதான். போதாத காலம், அந்த நேரம் பார்த்து ஆய்வக இயக்குநர் உள்ளே வந்துவிட்டார். மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"சாக்குப்பையாலயே சாக்கடையைச் சுத்தம் பண்ணிட்டீங்களே! இதை நாலு பேருக்குச் சொல்ல வேணாமா?"

சொன்னார். மத்தியானத்துக்குள் வாசலில் ஆளுயரப் பலகை முளைத்தது: 'தோல்வியே அறியாத ஆய்வகம்!'

வியாழக்கிழமை விஞ்ஞானியம்மாவின் பார்வை ஆமாஞ்சாமியின் காலுக்குப் போனது.

"அந்த சாக்ஸை எத்தனை நாளா போட்டிருக்கீங்க?"

"திங்கட்கிழமையிலேருந்தும்மா."

"கழட்டுங்க."

வெள்ளிக்கிழமை காலை, நிதியை முடிவு செய்கிற அரசாங்க அதிகாரி வந்தார். வாசல் பலகையைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். உள்ளே ஜாடியில் தண்ணீர் மினுமினுத்தது. சோதனைக் கருவியை அதற்குள் விட்டுப் பார்த்தார். குடிக்கிற தரம் என்று காட்டியது.

"மேடம், ஒரே ஒரு தோல்வி இருந்தா போதும். அஞ்சு வருஷ நிதிக்கு இங்கேயே கையெழுத்துப் போட்டுட்டுப் போவேன். நிஜமாவே ஒண்ணுகூட இல்லையா?"

விஞ்ஞானியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் குழாய்களை விட்டால் அவருக்கு வேறு உலகமே தெரியாது.

"சத்தியமா தோக்கத்தான் சார் பாத்தேன். நாலு நாளா உயிரைக் கொடுத்துப் பாத்துட்டேன். முடியல சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டு, ஆய்வகத்தைப் பூட்டும் உத்தரவை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். அப்போது துடைப்பமும் வாளியுமாக உள்ளே வந்தார் துப்புரவு அக்கா.

"சார், கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றவர், விஞ்ஞானியம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, தினம் காலையில நான் வர்றப்ப இந்த ஜாடியில இருக்கிற அழுக்குத் தண்ணி நாத்தம் குடலைப் புடுங்குது! நான் ஒருத்தி அதைக் கொட்டிக் கழுவி, நல்ல தண்ணி புடிச்சு வெக்கலைன்னா உங்க மானம் என்னத்துக்கு ஆவுறது?"