பின்னால் போகாத வண்டி குறித்து மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகளும் சுகம். தாங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அந்தக் காரை எங்களிடம் கொடுத்துவிட்ட பிறகு சுகத்துக்கு என்ன குறைச்சல்?

புது அடுக்குமாடி வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை என்று சாவியை என் கையில் வைத்தபோது, "மாப்பிள்ளை, இது வெறும் காரில்ல, நம்ம குடும்பத்துல ஒருத்தர்" என்றீர்கள். அப்போது புரியவில்லை. இப்போது நன்றாகப் புரிகிறது. காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இருமுவார். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்க மாட்டார். மழை வந்தால் மூட்டு வலி. ஏதாவது சொன்னால் உங்கள் மகளுக்குக் கோபம் வரும். குடும்பத்தில் ஒருவரேதான்.

வண்டி பெரியது என்று பெருமையாகச் சொன்னீர்கள், உண்மை. எங்கள் வாசலில் நிறுத்தினால் பின்பக்கம் தெருவில் நிற்கிறது, கேட்டைச் சாத்த முடியவில்லை. வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் ஆசையாகப் போட்ட வெள்ளைக்கல் தரையோரம் ஒரு லிட்டர் ஆயிலை ஒழுகவிட்டது. அந்த அக்கா இப்போது என்னைப் பார்த்தால் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார். ஏசியைப் போட்டால் சூடான காற்று வரும், சரி, ஜன்னலையாவது இறக்கலாம் என்றால் டிரைவர் பக்கத்து ஜன்னல் ஏறியதோடு சரி, இறங்கவில்லை. பெட்ரோல் முள் எப்போது பார்த்தாலும் 'நிறைய இருக்கு' என்றே காட்டும், அவ்வளவு நம்பிக்கை எனக்கே என் வாழ்க்கையில் இருந்ததில்லை, அந்த முள்ளை நம்பித்தான் போன மாதம் பாலத்து நடுவில் நின்றோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகவே டிக்கியில் நாலு கேன் வைத்திருக்கிறேன், பார்ப்பவர்கள் தண்ணீர் வியாபாரம் என்று நினைத்து விலை கேட்கிறார்கள். டயர் மாற்றப் போனால் கடைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "இதை இப்ப யாரு சார் செய்யறாங்க?" என்று என்னையே கேட்கிறார். நானா மாமா செய்யறேன்?

இதுல கொடுமை என்னன்னா, உங்க பொண்ணுக்கு ஒரே பாட்டுத்தான். "எங்கப்பா ஓட்டும்போது இப்படியெல்லாம் ஆனதே இல்ல."

"உங்கப்பா எங்கே ஓட்டினார்? துடைச்சுத் துடைச்சு நிறுத்தித்தானே வெச்சிருந்தார்" என்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் மெக்கானிக் மட்டும் என்னைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடுகிறார். கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்திருக்கிறது. அதில் என் பெயரைப் போடவில்லை, அது ஒன்றுதான் குறை. போன வாரம் வண்டி பின்னால் நகரவே மாட்டேன் என்றதும் அவரிடம் கொண்டுபோனேன்.

"முன்னால போறதுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். ரிவர்ஸ் போயிடுச்சு. கியர்பாக்ஸையே இறக்கணும்" என்றார்.

"எவ்வளவு ஆகும்?"

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "முதல்ல உட்காருங்க சார்" என்றார். நான் உட்காராமலே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து முன்னோக்கியே வாழ்கிறேன் மாமா. வண்டியை வாசலுக்குள் ஏற்றாமல் தெருவோரமாகவே நிறுத்துகிறேன். சுற்றி வர வழியில்லாத தெருவுக்குப் போவதில்லை. தவறிப்போய்க் கடையைத் தாண்டிவிட்டால் ஊரையே ஒரு வட்டம் அடித்துத்தான் திரும்ப வரணும். இப்படித்தான் செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குள் நுழைந்தேன். ஒரு கார் மட்டுமே போகிற சந்து. பாதி வந்தாச்சு. எதிரே யார் வர்றாங்கன்னு நினைக்கிறீங்க? எங்க மேலாளர்! வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத புது வண்டியில். வசூல் பிரிவுக்கு யாரைத் தலைவராகப் போடுவது என்று அவர்தான் முடிவு செய்யப்போகிறார். நானும் வருஷக்கணக்காக அந்த நாற்காலியைப் பார்த்தபடியே வேலை செய்கிறேன்.

அவர் ஹாரன் அடித்தார், நான் பின்னால் போகணுமாம். இறங்கிப் போய் விஷயத்தைச் சொல்லலாம் என்று கதவைத் திறந்தால் சுவரில் இடிக்கிறது, ஒரு கை நுழைகிற அளவுதான் திறக்கிறது, உங்கள் கார் அகலம் அப்படி. ஜன்னல் இறங்காது. கண்ணாடிக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, "சார், பின்னால போகாது சார்" என்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் கண்ணுக்கு அது 'நீ போய்யா பின்னால' என்று தெரிந்திருக்கிறது. முகம் சிவந்துவிட்டது. பதறிப்போய்க் கும்பிடலாம் என்று கையைத் தூக்கினேன், முழங்கை ஹாரனில் பட்டது. பட்டது பட்டதுதான், ஹாரன் அப்படியே மாட்டிக்கிட்டு விடாம அலறுது மாமா! நான் ஸ்டீயரிங்கைக் குத்துகிறேன். அதுவும் அவருக்குத் தெரிகிறது.

கடைசியில் அவர்தான் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் வந்த ஸ்கூட்டர்களும் தள்ளுவண்டியும் போயின. சந்து முனையில் விளக்குக் கம்பத்தில் புது வண்டியின் ஓரம் உரசிய சத்தம் என் ஹாரனையும் மீறிக் கேட்டது. நான் அவரைக் கடந்து போனேன். ஹாரன் அடித்துக்கொண்டேதான் போனேன்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து மேசைக்காரர், "உனக்கு எவ்வளவு தைரியம்யா!" என்று கையைக் குலுக்குகிறார். இனிமேல் அந்த நாற்காலியில் நான் தூசி துடைக்கத்தான் உட்காரலாம்.

ஆகவே மாமா, தங்கள் மேல் எனக்குள்ள மரியாதை துளியும் குறையாமல் தெரிவிப்பது: வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்களே வந்து குடும்பத்தில் ஒருவரை அழைத்துக்கொண்டு போகவும். தவறினால் பழைய இரும்புக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். அவர் எடை போட்டு எடுத்துக்கொள்வார், பாசம் பார்க்க மாட்டார்.

அத்தைக்கு என் வணக்கம். மைத்துனருக்கு என் அன்பு. அவர் புதிதாகச் சின்ன கார் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், புத்திசாலி.

என்றும் தங்கள் ஆசியை வேண்டும்,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் மேலாளர் வந்து நின்றார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின் கதவைத் திறந்து, உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். அந்த வண்டியில் பழுதாகாதது அந்தப் பின் சீட்டு ஒன்றுதான். "இதே மாதிரி வண்டியிலதான் எங்கப்பா ஒரு முதலாளிக்கு டிரைவரா இருந்தாருய்யா. அந்த முதலாளி ஒரு நாள்கூட அவரைப் பின்னால உட்கார விட்டதில்ல" என்றார். பிறகு, "எனக்குக் குடுத்துடு. நீ கேக்கிறதைத் தர்றேன்" என்றார். உங்கள் மகள் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'எடுத்துட்டுப் போங்க சார்' என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். "மாமா குடுத்தது சார், விக்கறதுக்கில்ல" என்று வந்துவிட்டது. யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இரும்புக்காரரிடமும் சொல்லிவிட்டேன். மேலே உள்ளதை அத்தையிடம் படித்துக்காட்ட வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வராமல்தான் அனுப்புகிறேன். அந்த நாற்காலி பற்றி மேலாளர் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, புது வண்டியில் ஏறி, ரிவர்ஸ் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார். எவ்வளவு அழகாக எடுத்தார் தெரியுமா மாமா! தெரு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.