மாமா, வீடு கிடைத்துவிட்டது

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தையும், உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும் மகளும் சுகம்தானே?

“வேலையில சேந்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் ஒரு வீடு கிடைக்கலையா?” என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் லிஃப்ட் பட்டறைக்குப் பக்கத்திலேயே பார்த்தேன். நடந்தே வேலைக்குப் போய்விடலாம். ஆனால் அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் குளியலறைக் கதவு திறக்காது. தரகரிடம் சொன்னதற்கு, “ரெண்டையும் ஒரே நேரத்துல எதுக்கு சார் திறக்கறீங்க?” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, அந்த அளவுக்கு இந்த நகரம் என்னைப் பழக்கிவிட்டது. ஆனால் மகள் தினமும், “அப்பா, ஜன்னல் இருக்கா?” என்று கேட்கிறாளே. அங்கே ஜன்னலே இல்லை. விட்டுவிட்டேன்.

அடுத்து நகரத்தின் கடைசிக்குப் போனேன். இரண்டு பஸ், ஒரு ரயில். மூன்று அறை, நாலு பக்கமும் ஜன்னல், காற்று ஆளைத் தள்ளுகிறது. மயங்கி நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். “நல்ல இடம்தான். இருட்டோட கிளம்பி இருட்டோட வர்றேன். போன ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தேனா, சின்னவன் பாத்துட்டு, ‘அம்மா, யாரோ வந்திருக்காங்க’ங்கறான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில், ஆறாவது மாடியில் ஒரு வீடு. என்ன வேலை என்றார் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக் என்றதும் மனுஷர் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர்கள் லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லையாம். நல்ல பேர் எடுக்கலாமே என்று இறங்கினேன் மாமா, இரண்டு மணி நேரம், முழங்கை வரை கிரீஸ், கடைசியில் லிஃப்ட் பட்டுப்போல ஏறியது, அதிலேயே ஏறிப் போய் எப்போது குடி வரலாம் என்று கேட்டால், “காலையிலயே ஒருத்தருக்குப் பேசிட்டேன் தம்பி. லிஃப்ட் இல்லையேன்னு யோசிச்சிட்டிருந்தாரு. இனிமே சந்தோஷமா வந்துடுவாரு” என்கிறார்.

தெருவுக்கு இறங்கி, கை கழுவத் தண்ணீர் கேட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் என் கோலத்தைப் பார்த்து சோப்பும் கொடுத்தார், கதையையும் கேட்டார். “எங்க கீழ்வீடு காலியாத்தான் இருக்கு. குழந்தை எவ்வளவு வேணா கத்தட்டும், எனக்குக் காது மந்தம்” என்றார். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கிறது. நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருகிற ஞாயிறு இரண்டு பேரையும் அனுப்பி வையுங்கள். மகளிடம் ஜன்னலைப் பற்றி மூச்சு விடாதீர்கள், நானே காட்டுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம். புது வீட்டுக்கு உங்கள் ஆசி வேண்டும்,
மருமகன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மேனேஜர் வந்து சொல்கிறார், பட்டறைக்கு இந்த நகரத்து வாடகை கட்டுப்படியாகவில்லையாம். அடுத்த மாதம் உங்கள் ஊருக்கே மாற்றுகிறார்கள். யாரையும் அனுப்ப வேண்டாம். உங்கள் மாடி அறை காலியா? எத்தனை பேர் என்று கேட்பீர்கள். மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே குடிவந்துவிட்டார்கள்.