இல்லாத ஏர்லைன்ஸும் கீல் அங்கிளும்

அமெரிக்காவில் எந்த வீட்டுக்குப் போனாலும், மனிதர்களை விட்டுவிட்டுக் கதவுகளை நலம் விசாரிக்கிற ஒரே ஆத்மா எங்கள் கீல் அங்கிள்தான். பிளசன்டனில் எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுக்காரர். கோயம்புத்தூர்க்காரர், ரிட்டயர்டு எஞ்சினியர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்குரூடிரைவர் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால், அங்கே ஹோமம் நடந்துகொண்டிருக்கும்போதே பூஜை அறைக் கதவை ஆட்டிப் பார்த்து, "கீல் டூப்ளிகேட்டுங்க" என்பார். வீட்டுக்காரர் முகம் தொங்கிவிடும். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "டெக்சாஸ்ல, கதவு கம்பெனி" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

கூட்டிப் போகிறவன் நான் என்பதால் மானம் போவது எனக்கு. உச்சகட்டம் சன்னிவேலில், ஒரு தோசைக் கடையில் நடந்தது. ரெஸ்ட்ரூமுக்குப் போனவரை வெகுநேரம் காணவில்லை. போய்ப் பார்த்தால், ஒரு கதவைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, வாயில் ஸ்குரூக்களோடு நிற்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்தவர் என் மேனேஜர்.

"ரெண்டே நிமிஷம் சார், நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று அவருக்குத் தைரியம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் வெடித்துவிட்டேன். "அங்கிள், உங்களுக்கு வெட்கமாவே இல்லையா?"

"இருக்கு தம்பி. அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கதையைச் சொன்னார்.

டெக்சாஸில் அவர் வேலை பார்த்தது சின்ன விமானங்கள் செய்யும் கம்பெனி. சரக்குக் கதவின் கீல் இவர் டிசைன். ஓர் ஏர்லைன்ஸ் வந்து விமானங்கள் வாங்கியது. அந்த ஏர்லைன்ஸில் டிக்கெட் கிடையாது, பயணி கிடையாது, வாலில் பெயர்கூடக் கிடையாது. உளவுத்துறையின் பினாமி! கீல் உள்பட ஸ்பேர் பார்ட்ஸைக் கம்பெனியில் வாங்காமல், எங்கேயோ தாங்களே செய்து பொருத்திக்கொண்டார்கள். ஏதோ ஒரு நாட்டுக்கு மேலே பறக்கும்போது கதவு பிய்த்துக்கொண்டு போனது. கெட்ட பெயர் கம்பெனிக்கு. ஆர்டர்கள் நின்றுபோயின. கோர்ட்டுக்குப் போனால், "அப்படி ஓர் ஏர்லைன்ஸ் உண்டு என்றும் சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம்" என்றது அரசாங்கத் தரப்பு. கேஸ் நிற்கவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள்.

"ஏர்லைன்ஸே இல்லையாம். ஆனா உடைஞ்சது மட்டும் என் கீலாம்! உடைஞ்சது உன் கீல் இல்லைன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லிட்டாப் போதும் தம்பி."

ரேடியோவைப் போடக் கையை நீட்டியவன், போடாமலே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் பக்கத்து ஊர்ச் சின்ன ஏர்போர்ட்டில் பழைய விமானங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வரிசையில் அந்தக் கம்பெனி விமானமும் ஒன்று நின்றது. கண்டதும் அங்கிள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"போயிரலாம் தம்பி. கதவு டிசைன் பண்ணவன் நான்தான்னு தெரிஞ்சா காறித் துப்புவாங்க."

நான் விடவில்லை. விமானத்தின் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. அவரிடம் போய்க் கதவைப் பற்றிக் கேட்டேன். அவர் அதைத் திறந்து, படாரென்று மூடிக் காட்டினார். "எல்லாம் ஒரிஜினல். இத்தனை வருஷமாக இந்தக் கீலில் நான் கை வைத்ததே இல்லை. செய்த ஆள் யாரோ, கெட்டிக்காரன்" என்றார் ஆங்கிலத்தில்.

"இவர்தான் அந்த ஆள்!" என்று அங்கிளை முன்னால் இழுத்துவிட்டேன்.

"நிஜமாகவே நீங்களா?" என்றார் தாத்தா.

அங்கிள் கூச்சத்தில் நெளிந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு தமிழிலேயே சொன்னார்: "உண்டுன்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வெகுநேரம் விடவே இல்லை.

அன்றிலிருந்து அங்கிள் யார் வீட்டுக் கதவையும் தொடுவதில்லை. ஸ்குரூடிரைவர் இருந்த இடத்தில் இப்போது பேனா இருக்கிறது. "அப்பாடா, இனிமே இவரை நம்பி எங்கேயும் கூட்டிட்டுப் போகலாம்" என்கிறாள் என் மனைவி.

ஒரு வாரமாக எங்கள் வாசல் கதவு கிறீச்சிடுகிறது. கீலின் ஸ்குரூவைத் தளர்த்தி வைத்திருப்பது நான்தான். கீழ்வீட்டுக்குக் கேட்காமலா போய்விடும்?