எண்பத்தாறு பெயர்கள்

கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் காணவில்லை. பெரம்பலூரில் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கும் கொளஞ்சியப்பன், திரையில் இருந்த குப்பைத்தொட்டியையும் திறந்து பார்த்துவிட்டான். அதுவும் காலி. டீ குடிக்கப் போய்வந்த பத்து நிமிஷத்தில் எந்தக் கொள்ளிக்கண் பட்டதோ!

"போச்சுக்கா! எண்பத்தாறு பேரும் போச்சு!"

கல்யாணப் பெண்ணின் அம்மா பொன்னம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "போனாப் போவுது தம்பி. 'சுற்றமும் நட்பும்'னு ஒரே வரியா போட்டுடு."

"ஐயையோ! ராசாங்கம் அண்ணன் என்னை வெட்டிப் போட்டுடுவாரு!"

அவள் கணவர் ராசாங்கம் செய்தாலும் செய்வார். அவர் பங்காளிகள் மூன்று முறை கூடிப் பேசி முடித்த வரிசை அது. முதலில் பெரியப்பா, அவருக்குக் கீழேதான் தாய்மாமன். பொன்னம்மாளின் அண்ணனுக்கு அதில் ஏக வருத்தம். எழுதிக் கொடுத்த தாளில் கொளஞ்சியப்பன் நேற்றே வடை எண்ணெயைப் பிழிந்து எறிந்தாயிற்று. மறுபடி கேட்டால் மறுபடி பஞ்சாயத்து. இன்றைக்குள் அச்சுக்குப் போகாவிட்டால் பன்னிரண்டு வருஷக் கடைப் பெயர் நாறிவிடும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றாள் பொன்னம்மாள்.

பண்ணினான். கம்ப்யூட்டர் அரைமணி நேரம் அப்டேட் ஏற்றிக்கொண்டது.

"ஏதோ சாஃப்ட்வேர் போட்டா வந்துடுமாமே?"

ஒன்றுக்கு மூன்றாகப் போட்டான். மூன்றும் சேர்ந்து ரம்மி விளம்பரம் காட்டின.

"சும்மா நிக்கிற நேரத்துக்கு நிச்சயதார்த்தப் போட்டோ ரெண்டாயிரத்தையும் ஏத்திடு தம்பி" என்று பென்டிரைவை நீட்டினாள். பதற்றத்தில் அதையும் ஏற்றினான். மெஷின் முனகிவிட்டு நின்றது.

வேறு வழியில்லாமல், அரியலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அன்பழகனுக்குப் போன் போட்டான்.

"அடப்பாவி! தொலைஞ்ச உடனே அதைத் தொடவே கூடாதுய்யா! அழிச்சது உள்ளாரதான் கெடக்கும். அதுமேல புதுசா எதையாவது ஏத்துனாத்தான் நெஜமா அழியும். கரண்ட்டைப் புடுங்கு. டிஸ்க்கைக் கழட்டிக்கிட்டு பஸ் ஏறு!"

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் போய்ச் சேர்ந்தான். பொன்னம்மாளும் கூடவே வந்துவிட்டாள். அன்பழகன் அதை வேறொரு மெஷினில் மாட்டி இரண்டு மணி நேரம் துழாவினான். கொளஞ்சியப்பன் வேண்டாத சாமி இல்லை.

திரையில் பெரியப்பா வந்தார். அவருக்குக் கீழே தாய்மாமன் வந்தார். எண்பத்தாறாவது ஆளாக மீன்சுருட்டிச் சின்ன மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். ஒரு எழுத்து பிசகவில்லை!

"ஜெயிச்சுட்டோம்க்கா!" கொளஞ்சியப்பன் துண்டைச் சுழற்றி ஆடினான். அன்பழகனைத் தூக்கிச் சுற்றினான். தெருவில் போனவர்களுக்கெல்லாம் டீ சொன்னான். "எவன் கண்ணு பட்டாலும் என் கடையில ஒரு பேரு அழியாதுடா!"

பொன்னம்மாள் டீயைத் தொடவில்லை. திரையில் பெரியப்பாவுக்குக் கீழே இருந்த தன் அண்ணன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாயிரம் போட்டோ ஏத்துனா அழிச்சது திரும்பி வரவே வராதுன்னு எம் மவ சொன்னா தம்பி... அவ பேச்சை நம்பி அழிச்சேனே!"