ஸ்பெயின் ராஜாவோடு மல்லுக்கு நின்ற லஸ்கர்

குத்தாலத்திலிருந்து குடவாசல் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஸ்பெயின் ராஜா மேல் சொந்தப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ஊர் ‘ஹாலந்து’தான். வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர். பழைய பேப்பர் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த சரித்திரப் புத்தகத்தில் டச்சுக்காரர்கள் ஸ்பெயின் ராஜாவை எதிர்த்து நடத்திய விடுதலைப் போரைப் படித்தார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்தது.

டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், ஸ்பெயின் தோற்கும்வரை எழுந்திருக்க முடியாது. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற தேசமாம். எதிரி சுற்றி வளைத்ததும் தங்கள் கரையைத் தாங்களே உடைத்து, வயலுக்குள் படகு விட்டு ஜெயித்தார்களாம். அப்புறம் கப்பல் கப்பலாகக் கட்டி, வியாபாரத்துக்கு நம் நாகப்பட்டினம் வரை வந்துவிட்டார்களாம். “நீங்களும் கப்பலேறுங்கடா” என்று எங்களை விரட்டுவார். ஒரு கல்யாணத்தில் வாழ்த்திப் பேச மைக்கைக் கொடுத்தோம். மணமக்களைப் பார்த்து, “அவங்க எண்பது வருஷம் சண்டை போட்டாங்க, சலிக்கவே இல்ல” என்றார். பெண்ணின் அப்பா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

அது ஊரே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம். எனக்கும் துபாய்ப் பித்து. கூலிக்கு உழுத அதே அரை ஏக்கரைப் பாடுபட்டுச் சொந்தமாக்கியவர் அப்பா. விசா ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக அதை மனை போடுகிற ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டேன். அதைக் கேட்டதும் அப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பளபளக்கும் ஷூவோடு மனைக்காரர் காரில் வந்து இறங்கினார். குறுவை அறுத்துக் காய்ந்து கிடந்த வயலில் முழங்கால் தண்ணீர். முதல்நாள் அவர் ஊன்றிய கலர் கொடிகள் வாத்துகளோடு நீந்திக்கொண்டிருந்தன. குளத்தில் மனை போட முடியாது என்று சொல்லிவிட்டு அதே காரில் ஏறிப் போய்விட்டார்.

அடிக்கத்தான் ஓடினேன். ஹாலந்து ஷட்டர் கட்டையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“கப்பலேறுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?”

“இப்பவும் சொல்றேன், போ. டச்சுக்காரன் உலகம் பூரா போனான் தம்பி. ஊர வித்துட்டா போனான்?”

அடிக்க வந்தவன் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். உத்தரவில்லாமல் தண்ணீர் திறந்ததற்குப் பாசன அதிகாரி அவரிடம் விளக்கம் கேட்டார். ‘ஸ்பெயின் வந்தது, திறந்தேன்’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தண்ணீரையே பார்க்காத ஏதோ ஓர் ஊருக்கு அவரைத் தூக்கியடித்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, கம்பெனியே டிக்கெட் கொடுக்க நான் துபாய் போனேன். அந்த அரை ஏக்கரில் அப்பா கடைசிவரை உழுதார். ஊர் திரும்பிவிட்ட நான் இப்போதும் ஒவ்வொரு அறுவடையிலும் ஹாலந்துக்கென்று ஒரு மூட்டை நெல் எடுத்து வைக்கிறேன். அவர் இருக்கும் ஊர் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நானே கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலில் விழுந்துவிட்டு வருகிறேன்.